பவளத் தொட்டிக்கு விளக்கு: நம் கண்ணுக்கா? பவளத்தின் உயிருக்கா?



வீட்டுக் கூடத்தில் நன்னீர் மீன்தொட்டி வைத்திருந்தவர்களுள் சிலர் கடல்நீர்த் தொட்டிக்கு மாறுகின்றனர். அவர்களுள்ளும் சிலர் மீனோடு நில்லாமல், உயிருள்ள பவளத்தையும் வளர்க்க விரும்புகின்றனர். நல்ல பொழுதுபோக்குத்தான். பிள்ளைகள் கடலின் ஒரு துளியை வீட்டிலேயே கண்டு கற்கலாம். ஆனால், இப்பொழுதுபோக்கில் இறங்குவோர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கிறது: "இந்த எல்.இ.டி. விளக்கு எத்தனை வாட்? விலை எவ்வளவு? நீலம் நன்றாகத் தெரியுமா?"

இந்த மூன்று கேள்விகளிலும் பவளம் இல்லை என்பதே என் குறை. எந்தப் பவளத்தை வளர்க்கப் போகிறோம், அதற்கு எவ்வளவு ஒளி வேண்டும், அந்த ஒளி தொட்டியின் எந்த இடத்தில் விழும் என்பவற்றை முடிவு செய்த பின்னரே விளக்கைத் தேட வேண்டும். விளக்கை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற பவளத்தைப் பின்னர் தேடுவது தலைகீழான முறை. அதனால் வரும் இழப்பு நம் பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டில் மாண்டுபோகும் ஒவ்வொரு பவளத்திற்கும் ஈடாக இன்னொன்றை வாங்குகிறோம். அது பல வேளைகளில் கடலிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கிறது.

பவளம் ஒளியை என்ன செய்கிறது?

பவளம் செடியன்று, கல்லுமன்று. அது சொறிமீனுக்கு உறவான ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றை உயிரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு ஆக்குகிறது. அதில் பெரும்பங்கைப் பவளத்திற்கு அளிக்கிறது. ஆழமற்ற கடலில் வாழும் பல பவளங்களுக்குத் தேவைப்படும் ஆற்றலில் 90 விழுக்காடு வரை இவ்வாறு கிடைக்கக்கூடும். பதிலுக்குப் பவளம் பாசிக்கு இருப்பிடமும் கரியமில வாயுவும் கழிவிலுள்ள சத்துகளும் தருகிறது.

ஆகவே, பவளத் தொட்டியில் விளக்கு என்பது அலங்காரப் பொருளன்று, அது உணவு. குழந்தைக்கு எவ்வளவு உணவு, எப்போது, எத்தகையது என்று பார்ப்பதுபோல ஒளியையும் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பவளம் மெல்ல மெல்ல மெலியும். அளவு கூடினாலும் கேடுதான். ஒளி கூடக் கூட ஒளிச்சேர்க்கை கூடும். ஓர் எல்லையில் அது நின்றுவிடும். அதற்கு மேலும் ஒளி விழுந்தால், பாசியினுள் தீங்கு செய்யும் ஆக்சிசன் வகைகள் பெருகும். தாங்க முடியாத நிலையில் பவளம் பாசியை இழந்து வெளுத்துப் போகும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழிக்குப் பவளத் தொட்டியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வாட்டும் லக்சும் ஏன் போதா?

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது தரும் ஒளியின் அளவன்று. முன்பு மெட்டல் ஹாலைடு விளக்கும் ஒளிர்குழாயும் பயன்பட்ட காலத்தில், ஒரு கேலன் நீருக்கு இத்தனை வாட் என்று கணக்கிடும் பழக்கம் இருந்தது. ஒரே வகை விளக்குகளை ஒப்பிடும்போது அது ஓரளவு பொருந்தியது. எல்.இ.டி. விளக்குகளுக்கு அது பொருந்தாது. ஒரு சில்லின் தரம், அதன்மேலுள்ள வில்லையின் கோணம், சில்லை எவ்வளவு மின்னோட்டத்தில் ஓட்டுகிறார்கள் என்பவை எல்லாம் விளக்குக்கு விளக்கு மாறும்.

மலிவான கருப்புப் பெட்டி விளக்குகளை எடுத்துக்கொள்வோம். 55 சில்லுகள், ஒவ்வொன்றும் 3 வாட், ஆக 165 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். சில்லுகள் அந்த உச்ச அளவுக்குக் கீழேயே ஓட்டப்படுவதால், சுவர் மின்செருகியில் அளவுமானி வைத்துப் பார்த்தால் எண்ணிக்கை அதைவிடக் குறைவாகவே வரும். விளக்கு கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. பெட்டியில் உள்ள எண்ணை நம்பிப் பவளத்தின் வாழ்வை முடிவு செய்யக்கூடாது என்பதே பொருள்.

லக்ஸ் அளவும் ஏமாற்றும். லக்ஸ் என்பது மாந்தர் கண்ணை அடிப்படையாகக் கொண்டது. நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கு மிகுந்த கூருணர்வு உடையது. அந்த ஒளியை 100 என்று கொண்டால், அதே ஆற்றலுள்ள 450 நானோமீட்டர் நீல ஒளியை நம் கண் ஏறத்தாழ 4 என்று மட்டுமே உணரும். பவளத் தொட்டியின் விளக்கோ பெரும்பாலும் நீலம். எனவே, கைப்பேசிச் செயலியில் லக்ஸ் பார்த்து "ஒளி போதவில்லை" என்று விளக்கை மேலும் கூட்டுபவர், பவளத்தை வேகவைக்கவும் கூடும்.

பவளத்திற்குப் பொருந்தும் அளவு 'பார்' எனப்படுவது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே இக்கணக்கு. நண்பகலில் தெளிந்த வானத்தின் கீழ்க் கடல் மேற்பரப்பில் இது 2000 அளவுக்கு இருக்கும். நீருக்குள் இறங்க இறங்கக் குறையும்.

பவளம் வளர்ப்போரிடையே பொதுவாக வழங்கிவரும் அளவுகள் இவை:

1. காளான் பவளம், சோவாந்திட், தோல் பவளம் போன்ற மென்பவளங்கள்: 50 முதல் 100 வரை.
2. யூஃபில்லியா போன்ற பெரிய வாயுடைய கற்பவளங்கள்: 80 முதல் 150 வரை.
3. அக்ரோபோரா போன்ற சிறிய வாயுடைய கற்பவளங்கள்: 200 முதல் 350 வரை.

இவை கல்லில் பொறித்த விதிகள் அல்ல. ஒரே இனப் பவளம் வளர்ந்த ஆழத்தைப் பொறுத்துத் தேவை மாறும். ஆயினும், காளான் பவளம் வளர்க்க விரும்புபவருக்கு அக்ரோபோராவுக்கான விளக்கு தேவையில்லை என்பது இதிலிருந்தே தெளிவாகும். இரண்டாம் ஆண்டு மாணவனிடம் ஆறாம் ஆண்டுப் பாடநூலைக் கொடுத்துவிட்டு, "விலை உயர்ந்த நூல்தானே, படி" என்று சொல்ல முடியுமா?

பார் அளவி விலை மிகுந்த கருவி. நீருக்குள் வைத்து அளக்கும் நல்ல கருவி ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். ஒவ்வொருவரும் அதை வாங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். கடையிலிருந்து ஒரு நாளைக்கு இரவல் பெறலாம். யானை வாங்கியவர் அங்குசத்திற்குக் கணக்குப் பார்க்கலாமா? விளக்கைப் பொருத்திய பிறகு தொட்டியின் மேல், நடு, அடி, நான்கு மூலை என ஒரு முறை அளந்து ஒரு தாளில் வரைபடமாகக் குறித்து வைத்தால், பல ஆண்டுகளுக்கு அது வழிகாட்டும்.

நீலத்தின் உண்மையும் நீலத்தின் மயக்கமும்

பவளத் தொட்டி ஏன் நீலமாக ஒளிர்கிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இதற்கு அறிவியல் விடை உண்டு. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடும். நீல ஒளிதான் ஆழம்வரை செல்லும். பாசியிலுள்ள பச்சையமும் பெரிடினின் என்னும் நிறமியும் நீலத்தையும் நீலப்பச்சையையும் நன்றாக உள்வாங்குகின்றன. எனவே, நீலம் பவளத்திற்கு இயல்பான உணவே.

இந்த நீல ஒளியைச் சிறு சில்லிலிருந்து பெற அறிவியலாளர்கள் நெடுங்காலம் உழைத்தனர். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகாமுரா ஆகிய மூவருக்கும் நீல எல்.இ.டி.யைக் கண்டதற்காக 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பிரகாசமான நீலச் சில்லை நாகாமுரா 1993-ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். அவர்கள் உழைப்பு இல்லையேல் இன்றைய பவளத் தொட்டி விளக்கு இல்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? பவளத்தில் ஒளிரும் புரதங்கள் உண்டு. அவை நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் திருப்பி உமிழ்கின்றன. ஆகவே, முழு நீல ஒளியில் எந்தப் பவளமும் தீபாவளி மத்தாப்புபோல் தெரியும். கடைகளில் பவளத் துண்டுகளை முழு நீலத்தில் வைத்து விற்பதன் காரணம் இதுவே. வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளை ஒளியில் பார்க்கும்போதுதான் உண்மை நிறம் தெரிகிறது.

நிறம் மாறித் தெரிவது சிறு குறை. நோயும் மறைந்துபோவதே பெருங்குறை. பாசியை இழந்துகொண்டிருக்கும் பவளத்திலும் ஒளிரும் புரதம் இருக்கும்; நீல ஒளியில் அது இன்னும் பளிச்செனவே தெரியக்கூடும். கடலில்கூடச் சில பவளங்கள் வெளுக்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறங்களைக் காட்டுகின்றன. பாசி குறைவதால் திசுவுக்குள் ஒளி மிகுந்து, அதன் தூண்டலால் பவளம் கூடுதல் நிறமியைச் சுரக்கிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் விளக்கினர். அழகாகத் தெரிவது நலமாக இருப்பதாகாது.

எனவே, என் கருத்து இது: பவளம் விற்கும் கடைகள் ஒரு வெள்ளை விளக்கையும் அருகில் வைத்திருக்க வேண்டும். வாங்குபவர் கேட்டால் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். துணிக்கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கும் நம் தாய்மார்களின் அறிவு, உயிரை வாங்கும்போது இன்னும் கூடுதலாக வேண்டும்.

வீட்டில் எப்படி? நீலத்தை முதன்மையாகவும் வெள்ளையை அடுத்ததாகவும் வைத்துக்கொள்ளலாம். பகலில் சில மணி நேரமாவது வெள்ளை கலந்த ஒளி இருந்தால், பவளத்தின் உண்மை நிலையை நாள்தோறும் நாம் காணலாம். சிவப்பைக் கூட்டுவதில் கவனம் தேவை. ஸ்டைலோபோரா பிஸ்டில்லட்டா என்னும் கற்பவளத்தின்மீது நடந்து 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, சிவப்பு ஒளி அதன் பாசிகளைப் பாதிப்பதைக் காட்டியது. சிவப்புச் சில்லுகளை மிகக் குறைவாக வைப்பதே நன்று.

பரவலும் உயரமும்

ஒரே சக்தியுள்ள இரு விளக்குகளில் ஒன்று பவளத்தை வளர்க்கும், மற்றொன்று எரிக்கும். பரவல் வேறுபாடே இதற்குக் காரணம். குறுகிய கோண வில்லை நடுவில் ஒளியைக் குவித்து ஓரங்களை இருளில் விடும். ஒற்றைப் புள்ளி விளக்குகள் நீருக்குள் அழகிய அலை ஒளியை ஆடவிடும். ஆனால் பாறையின் பின்பக்கம் நிழல் அடர்ந்திருக்கும். நீளப் பட்டை விளக்குகள் ஒளியைச் சமமாகப் பரப்பும். ஆனால் அலை ஒளி குறைவாக இருக்கும். இரண்டில் ஒன்றே சிறந்தது என்று சொல்ல இயலாது. 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டிக்கு ஒரு நல்ல விளக்கு போதுமானதாக இருக்கலாம். 120 சென்டிமீட்டர் தொட்டிக்கு வலுவான ஒன்றைவிட மிதமான இரண்டே மேல்.

உயரமும் ஒரு கருவியே. புள்ளி ஒளியின் தூரம் இரு மடங்கானால் செறிவு கால் பங்காகும் என்பது இயற்பியல் விதி. வில்லையும் கண்ணாடிச் சுவரின் எதிரொளிப்பும் இருப்பதால் தொட்டியில் இவ்வளவு சரிவு இராது. எனினும் விளக்கைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்துவதால் ஒளி சமமாகப் பரவிச் செறிவு குறையும். மங்கவைக்கும் வசதியும், நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியும் உள்ள விளக்கையே வாங்குங்கள். கைப்பேசியில் மின்னல், மேகம், நிலவு காட்டும் வசதிகளுக்குக் கூடுதல் பணம் தருவது அவரவர் விருப்பம். பவளம் அவற்றைக் கேட்கவில்லை.

நம் நாட்டு வெப்பம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அறை வெப்பம் பெரும்பாலும் 28 முதல் 32 பாகை செல்சியசு வரை இருக்கும். பவளத் தொட்டியை 25, 26 பாகையில் வைத்திருப்பதே பலர் வழக்கம். வழக்கமான வெப்பக்கால உச்சத்தைவிட ஒரு பாகை மட்டும் கூடிப் பல வாரங்கள் நீடித்தாலே கடலில் பவளம் வெளுக்கத் தொடங்கும். 2010-ஆம் ஆண்டில் இவ்வாறு பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளின் சில முக்குளிப்பு இடங்களை நம் நாட்டு அதிகாரிகள் தற்காலிகமாக மூடினர். நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு நிகழ்வதாக 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

இந்த வகையில் எல்.இ.டி. விளக்கு நமக்குப் பேருதவி. மெட்டல் ஹாலைடு விளக்கு வெப்பக் கதிரை நேராக நீருக்குள் பாய்ச்சும். எல்.இ.டி. தன் வெப்பத்தின் பெரும்பகுதியை மேற்புறத்து உலோகத் தகட்டின் வழியாகக் காற்றில் விடும். அதனால் நீர்க் குளிரூட்டியின் சுமை குறையும். மின்கணக்கையும் பாருங்கள். 250 வாட் விளக்கு நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 67.5 அலகு. 100 வாட் விளக்கு அதே நேரத்திற்கு 27 அலகு. குளிரூட்டியில் மிச்சமாவது தனி.

ஒளிர்குழாயே மேல் என்பாரும் உளர். சமமான பரவலைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. ஆனால், குழாய்களை ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அவற்றில் பாதரசமும் உண்டு. பொது ஒளியூட்டலுக்கான ஒளிர்குழாய்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ஆம் ஆண்டில் முடிவெடுத்தன. இனிப் புதிதாகத் தொடங்குபவர் அவ்வழியில் போக வேண்டாம் என்பதே என் எண்ணம்.

பொறுமையே நல்ல கருவி

புதிய விளக்கை முதல் நாளே முழு வலிமையில் எரிப்பதுதான் பவளத்திற்குச் செய்யும் பெருங்கொடுமை. பழைய குழாயில் பழகிய பவளத்திற்குப் புதிய எல்.இ.டி. திடீர் கோடை. 30 அல்லது 40 விழுக்காட்டில் தொடங்கி, வாரத்திற்கு 5 விழுக்காடு என்று கூட்டுங்கள். பவளம் மங்கினாலோ சுருங்கினாலோ முந்தைய அளவுக்கு இறங்குங்கள். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். இரவு இருளாகவே இருக்கட்டும். கூடத்தில் உறவினர் வந்திருக்கிறார்கள் என்பதற்காக நள்ளிரவுவரை நீல விளக்கைப் போட்டுவைப்பது விருந்தோம்பலாகாது.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். விளக்கின் மின்மாற்றியில் சிரிம் முத்திரை உள்ளதா என்று பாருங்கள். மின்கம்பி தொட்டியிலிருந்து கீழே தொங்கி, மீண்டும் மேலேறிச் செருகியை அடையட்டும். வழியும் நீர் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும். மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாத இணைப்பில் தொட்டியை இணைக்காதீர்கள். எரியும் சில்லுகளைப் பிள்ளைகள் நேராக உற்றுப் பார்க்க விடாதீர்கள்.

கடலுக்கு நாம் பட்ட கடன்

கற்பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் என்னும் அனைத்துலக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. எல்லை கடந்து வாணிகம் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 686-உம், சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமும் இதனை நடைமுறைப்படுத்துகின்றன. நம் கடல் பூங்காக்களிலிருந்து பவளம் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். விடுமுறையில் தீவுக்குப் போய் ஒரு சிறு துண்டை உறையில் போட்டுக்கொண்டு வருவதும் அதே குற்றந்தான்.

எனவே, வாங்கும்போது "இது வளர்ப்புத் துண்டா, கடலில் எடுத்ததா?" என்று கேளுங்கள். வளர்ப்புத் துண்டு செயற்கை ஒளிக்கு முன்பே பழகியிருக்கும். பிழைக்கும் வாய்ப்பும் கூடும். அது எந்த அளவு ஒளியில் வளர்ந்தது என்பதையும் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் பத்து வெள்ளி கூடுதலானாலும் வாங்குங்கள்.

விலை மிகுந்த விளக்கு வாங்குபவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வசதி குறைந்தவர் மலிவான விளக்கோடு மென்பவளம் வளர்த்து வெற்றி காணலாம். வசதி மிகுந்தவர் உயர்ந்த விளக்கோடு அக்ரோபோராவைக் கொன்றுவிடலாம். வேறுபாடு பணத்தில் இல்லை. அளந்து பார்ப்பதில் இருக்கிறது. நீரின் உப்பளவு, காரத்தன்மை, சுண்ணச் சத்து ஆகியவற்றைப் பேண முடியாதவர், எந்த விளக்கையும் வாங்கும் முன் ஆறு மாதம் பொறுத்திருப்பது நல்லது. கோமாளி மீனுக்கு வலுவான ஒளி தேவையில்லை. பவளமே இல்லாத கடல்நீர்த் தொட்டியிலும் அது நலமாக வாழும்.

அடுத்த முறை விளக்குக் கடைக்குப் போகும்போது வாட்டைக் கேட்பதற்கு முன் உங்கள் தொட்டியின் நீள அகல ஆழத்தையும், வளர்க்க விரும்பும் பவளத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளைப் பார்த்துப் பேசத் தெரிந்த கடையே நல்ல கடை. அந்தத் தாளுக்கு ஏற்ற விளக்கே நல்ல விளக்கு.